சத்தம் கூட்டிப் பார்க்காமல் செமி ஹாலோ கிட்டார் வாங்காதீர்கள்

அறைக்குள் மெதுவாக வாசித்தால் எந்த செமி ஹாலோ கிட்டாரும் (உடலின் ஒரு பகுதி உள்ளே வெற்றிடமாக இருக்கும் எலெக்ட்ரிக் கிட்டார்) இனிமையாகத்தான் இருக்கும். ராக் வாசிப்பவருக்கு அது போதாது. சேலத்துக் கல்யாண மண்டபத்தில் டிரம்ஸுக்கு ஈடாக ஆம்ப்பைத் திருகும்போது அந்தக் கிட்டார் என்ன செய்கிறது என்பதே கேள்வி. வாங்குமுன் பார்க்க வேண்டியது அதைத்தான்.

முதலில் உள்ளே பாருங்கள். 1958இல் கிப்ஸன் கொண்டுவந்த இஎஸ்-335இல், கழுத்து சேருமிடத்திலிருந்து உடலின் அடிவரை நடுவில் ஒரு மரக்கட்டை ஓடுகிறது; இரு பக்கமும் வெற்றிடம். எபிஃபோன் கசினோவும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும், ஆனால் அதில் நடுக்கட்டை கிடையாது. படத்தைப் பார்த்து இரண்டையும் குழப்பிக்கொள்வது சுலபம். எஃப் வடிவத் துளைக்குள் செல்போன் டார்ச் அடித்தால் மரச்சுவர் தெரிய வேண்டும். விரலால் தட்டியும் பார்க்கலாம்: இரண்டு பிக்கப்களுக்கு (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்கள்) நடுவே 'டக்' என்றும், துளை ஓரத்தில் 'டொம்' என்றும் கேட்கும். சில மாடல்களில் பிரிட்ஜுக்கு, அதாவது உடல்மேல் கம்பிகளைத் தாங்கும் பாலத்துக்கு, அடியில் மட்டும் சின்னக் கட்டை வைத்திருப்பார்கள். கனமான டிஸ்டார்ஷனுக்கு (ராக்கின் கரகரத்த ஒலி) முழுக் கட்டையே நல்லது. 1969இல் உட்ஸ்டாக் இசை விழா மேடையில் ராக் கிட்டார் கலைஞர் ஆல்வின் லீ அத்தனை சத்தத்தில் வாசித்தது 335இல்தான்.

அடுத்து ஆம்ப் சோதனை. இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நீங்கள் மேடையில் வைக்கும் அதே கெயின் (ஒலியின் கரகரப்பைக் கூட்டும் அளவு), அதே வால்யூம். ஸ்பீக்கரைப் பார்த்தபடி ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, கிட்டாரின் வால்யூமை முழுவதும் திறந்து, வாசிக்காமல் சும்மா நில்லுங்கள். ஸ்பீக்கர் தள்ளும் காற்று மேற்பலகையை அதிர வைக்கும், பலகை கம்பிகளை அதிர வைக்கும், பிக்கப் அதை மீண்டும் ஆம்ப்புக்கே அனுப்பும். ஊளை பிறப்பது இப்படித்தான். ஊளை வந்ததும் உள்ளங்கையால் கம்பிகளை அமுக்குங்கள். நின்றுவிட்டால் காரணம் கம்பி, கையாலேயே அடக்கிவிடலாம். கீச்சென்ற உச்சக் குரல் மட்டும் நிற்காமல் தொடர்ந்தால் பிக்கப்பின் சுருள் தளர்வாக இருக்கிறது, மெழுகில் முக்கி எடுக்க வேண்டியிருக்கும். எந்த ஃபிரெட்டைப் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) பிடித்தாலும் ஒரே கீழ்ச்சுருதியில் உறுமினால் அது உடலின் கோளாறு. ஆம்ப்பில் பேஸைக் குறைப்பது, துளைகளில் ஃபோம் அடைப்பது ஓரளவு உதவும். 1980இல் வந்த, ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங்கின் லூசில் மாடலில் துளையே இல்லாததற்குக் காரணம் இதுதான். நல்ல கிட்டாரில், பிடித்த சுரம் நீண்டு, மெல்ல மேல் ஸ்தாயிக்கு மலரும். ஓரடி நகர்ந்தால் சுரமும் மாறும். அந்தக் கிட்டார் கிடைத்தால் விடாதீர்கள்.

ஆம்ப் ஓடும்போதே ஒவ்வொரு குமிழையும் முழுக்கத் திருகி, சுவிட்சைத் தட்டி, ஜாக்கில் கேபிளை லேசாக அசைத்துப் பாருங்கள். பெரும்பாலான செமி ஹாலோக்களில் பின்மூடி இருக்காது. வயரிங் முழுவதையும் எஃப் துளை வழியாகத்தான் வெளியே எடுக்க வேண்டும். கரகரப்பு கான்டாக்ட் கிளீனரில் போய்விடலாம். குமிழுக்கு அடியிலுள்ள பாட் செத்துப்போயிருந்தால் பாதி நாள் வேலை, அந்தக் கூலியை விலையில் கழித்துக் கேளுங்கள். ஜாக் மேற்பலகையில் இருந்தால் அதைச் சுற்றி விரிசல் உண்டா என்று பாருங்கள். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் கிட்டாரின் எர்த் சரி. தொட்டதும் கை சுரீர் என்றால் உடனே நிறுத்துங்கள். அது மண்டபத்தின் பிளக் பாயிண்டிலோ ஆம்ப்பிலோ எர்த் இல்லாத ஆபத்து.

கழுத்துக்கு பைக் ஸ்பேர் கடையில் கிடைக்கும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) போதும். தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டிலும் 17ஆவது ஃபிரெட்டிலும் அமுக்கிப் பிடித்தால், 7ஆவது ஃபிரெட்டில் 0.25 மி.மீ. தகடு உரசி நுழைய வேண்டும். 12ஆவது ஃபிரெட்டின் மேல் தடித்த கம்பி 2 மி.மீ., மெல்லிய கம்பி 1.5 மி.மீ. உயரத்தில் இருந்தால் சௌகரியம். 7ஆவது ஃபிரெட்டில் இடைவெளி அதிகமென்றால், கழுத்துக்குள் ஓடும் வளைவு சரிசெய்யும் ட்ரஸ் ராடை (இரும்புக் கம்பி) வலப்பக்கம் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகக் கூடாது. கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் நட்டுக்குப் பின்னால், தலைப்பகுதி சாயும் இடத்தில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடியுங்கள். விழுந்த கிட்டார் உடையும் இடம் அது, ஒட்டிய கோடு அங்கேதான் தெரியும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. சேலத்துச் சித்திரை வெயிலில் மரம் காய்ந்து சுருங்கும், ஃபிரெட் முனைகள் கையைக் கீறும். அதே கிட்டாரை, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டுப் பனிமூட்டத்துக்கு ஏற்றினால் மரம் ஈரம் குடித்துக் கழுத்து முன்வளையும், கம்பி உயரும். ஆகவே மே மாதம் அடிவாரத்தில் வாங்குகிறவர், ட்ரஸ் ராடைத் திருகும் மரை இரு பக்கமும் இன்னும் திரும்புகிறதா என்று விற்பவரையே திருகிக் காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே கடைசி வரை இறுகிவிட்ட ராடுக்கு மலைமேல் வழியில்லை.