நாயை அவிழ்த்து விடும் முன்: கூப்பிட்டால் திரும்பி வரப் பழக்குவது எப்படி?

"பயப்படாதீங்க, ஒண்ணும் செய்யாது!" கயிற்றைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு தூரத்திலிருந்து இப்படிக் கத்துகிறவர்களை எல்லோரும் பார்த்திருப்போம். அதற்குள் நாய் யார் மீதாவது தாவி முடித்திருக்கும். அது நல்ல நாயாகவே இருக்கலாம். ஆனால் எதிரே வருபவர் முன்பு கடி வாங்கியவரா, அவர் பிடித்திருக்கும் நாய் பயந்த சுபாவமா என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. அதனால் நாயை அவிழ்த்து விடும் முன் கேட்க வேண்டிய கேள்வி, ஓட்டத்தின் நடுவில் கூப்பிட்டால் அது திரும்பி வருமா என்பதுதான்.

எங்கள் நாய் முன்பெல்லாம் சைக்கிளைக் கண்டால் துரத்தும், இன்னொரு நாயைக் கண்டால் காது கேட்காது. இப்போது பாதி ஓட்டத்தில் திரும்பி வருகிறது. அதற்குச் செய்ததைத்தான் வரிசையாக எழுதுகிறேன். வெறிநாய்த் தடுப்பூசி, கழுத்துப் பட்டையில் தொலைபேசி எண், 'உட்கார்' மாதிரியான பாடங்கள் எல்லாம் முடிந்துவிட்டன என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: புது சத்தம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

"வா, வா, வாடா!" என்று மாதக்கணக்கில் கத்தியிருந்தால் அந்தச் சொல் நாய்க்கு வெறும் இரைச்சல். பெயரும் அப்படித்தான், நாள் முழுக்க எதற்கெல்லாமோ சொல்கிறோம். நான் சிபாரிசு செய்வது விசில். நம் குரலில் கோபமும் பதற்றமும் ஏறும், விசிலில் ஏறாது. வீட்டில் யார் ஊதினாலும் ஒரே சத்தம்.

சுருதி மாறாத, எண் குறிக்கப்பட்ட விசிலாக வாங்குங்கள். ஆக்மி என்ற நிறுவனத்தின் 210.5, 211.5 போன்றவை அப்படிப்பட்டவை. தொலைந்தால் அதே எண்ணில் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். மனிதக் காதுக்குக் கேட்காத 'சத்தமில்லா விசில்' புதியவர்களுக்கு வேண்டாம். பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1876-இல் உருவாக்கிய சங்கதி அது. நமக்கு 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது, நாய்க்கு அதைப் போல இரண்டு மடங்குக்கும் கேட்கும். நாம் சரியாக ஊதினோமா என்று நமக்கே தெரியாத கருவியை வைத்து எப்படிப் பழக்குவது?

படி 2: வீட்டுக்குள் ஆரம்பியுங்கள்

ஊதுங்கள், உடனே தின்னக் கொடுங்கள். நாய் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சத்தம் கேட்டதும் அது தலையைத் திருப்பி உங்கள் கையைத் தேட ஆரம்பித்தால் அடுத்த அறையிலிருந்து ஊதுங்கள். தின்பண்டம் சுமாராக இருந்தால் வருகையும் சுமாராகத்தான் இருக்கும். வேகவைத்த கோழித் துண்டு மாதிரி, வேறு எப்போதும் கிடைக்காத ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள்.

படி 3: நீளக் கயிறு

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பத்து மீட்டர் கயிறு போதும். அதை மார்புப் பட்டையின் முதுகு வளையத்தில்தான் மாட்ட வேண்டும். கழுத்துப் பட்டையில் மாட்டினால், பத்து மீட்டர் வேகமெடுத்து ஓடிய நாய் சட்டென நிற்கும்போது மொத்த இழுப்பும் கழுத்தில் விழும். பருத்திக் கயிறு நனைந்தால் கனக்கும், நைலான் உள்ளங்கையை உரிக்கும். ரப்பர் மாதிரிப் பூச்சு போட்ட பட்டைக் கயிறுதான் எனக்குப் பிடித்தது, துடைத்தால் சுத்தம். கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், கையுறை போடுங்கள். பட்டனை அழுத்தினால் சுருளும் கயிறு இருக்கிறதே, அதை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். மெல்லிய கயிறு விரலை அறுக்கும். பிடி கை நழுவி விழுந்தால் கடகடவென்று பின்னாலேயே துரத்தி நாயை மிரட்டும்.

இப்போது விதி. ஒரே ஒரு முறை ஊதுங்கள். வரவில்லையா? மறுபடி ஊதாதீர்கள். கயிற்றைப் பிடித்தபடி நாயை நோக்கி நடந்து தூரத்தைக் குறையுங்கள், அதன் கவனம் உங்களிடம் திரும்பியதும் அங்கிருந்து ஆரம்பியுங்கள். கயிறு இருப்பது நாய் தப்பி ஓடாமல் இருக்கத்தான், மீன் பிடிப்பது போல இழுத்துக் கொண்டுவர அல்ல.

இரண்டு விஷயங்கள் இந்தப் பழக்கத்தைக் கெடுக்கும். முதலாவது, வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் கூப்பிடுவது. விசில் கேட்டால் விளையாட்டு முடிந்தது என்று நாய் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடும். அதனால் பத்துக்கு ஒன்பது முறை கூப்பிட்டு, தின்னக் கொடுத்து, "போ" என்று திரும்ப அனுப்பிவிடுங்கள். திரும்பிப் போய் விளையாடுவதே அதற்குப் பெரிய பரிசு.

இரண்டாவது, நாய் பக்கத்தில் வரும், கைநீட்டும் தூரத்தில் நின்று எட்டி வாங்கிக்கொண்டு பறந்துவிடும். எங்கள் நாய் இந்த வித்தையில் தேர்ந்திருந்தது. தின்பண்டத்தை நீட்டுவதை நிறுத்தி, என் காலை ஒட்டிப் பிடித்தேன். ஒரு கை கழுத்துப் பட்டையைத் தொட்ட பிறகே மறு கை திறக்கும் என்று ஆக்கியதும் சரியாகிவிட்டது. பட்டையைத் தொட முடியாத தூரத்தில் வந்து நிற்கும் நாய் வந்ததாகக் கணக்கில்லை.

எவ்வளவு தாமதமாக வந்தாலும் திட்டக் கூடாது. திட்டுவது வந்ததற்கான தண்டனையாகவே பதியும். அப்புறம், ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரை விடலைப் பருவம், கற்றதெல்லாம் மறந்துபோன மாதிரி இருக்கும். அப்போது மறுபடி நீளக் கயிற்றுக்குப் போங்கள்.

படி 4: எப்போது கூப்பிடுவது

ஓட ஆரம்பித்த பிறகு கூப்பிடுவது தாமதம். பார்வை ஓரிடத்தில் பூட்டிக்கொள்ளும், வாய் மூடும், உடம்பு விறைக்கும், எடை முன்னங்காலுக்குப் போகும். அந்த நொடியில் ஊதுங்கள். வால் ஆட்டுவதெல்லாம் நட்பு இல்லை. தூக்கிய வால் விறைப்பாக, சின்னச் சின்னதாகத் துடித்தால் அது நல்ல செய்தி அல்ல.

உறுமலை அடக்காதீர்கள். உறுமினால் அடி விழும் என்று கற்ற நாய், அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கக்கூடும்.

படி 5: வாய்க்கூடை

ஒரு முறையாவது கடித்த நாய் என்றால் பொது இடத்தில் வாய்க்கூடை (கடிக்க முடியாதபடி வாயில் மாட்டும் மசில்) போடுங்கள், இதில் விவாதம் வேண்டாம். கூடை வடிவத்தில், உள்ளே வாயைத் திறந்து இரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் உள்ளதாக இருக்க வேண்டும். நாய் உடல் சூட்டைத் தணிப்பது முக்கியமாக இரைப்பதால்தான், வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டையோடு நடக்க வைப்பது ஆபத்து. கூடைக்குள் தின்பண்டம் வைத்து, நாயே மூக்கை நுழைக்கும் வரை வாரை மாட்டாதீர்கள். கூடை போட்ட நாயும் ஆளைத் தள்ளிவிடும், ஆகவே கயிறு தொடரட்டும்.

படி 6: அவிழ்த்து விடுதல்

சட்டம் அனுமதிக்கும் இடத்தில் மட்டும். தெருவில் ஒருபோதும் வேண்டாம். யாராவது எதிரே வந்தால் கூப்பிட்டு, மாட்டி, ஒதுங்கி நில்லுங்கள். கயிற்றில் இருக்கும் நாயிடம் உங்கள் நாயை ஓட விடாதீர்கள். கட்டிய நாயால் விலகிப் போக முடியாது, அதற்கு மிச்சமிருப்பது சண்டை மட்டும்தான். கயிற்றில் மஞ்சள் ரிப்பன் கண்டால் 'கிட்டே வராதீர்கள்' என்று அர்த்தம்.

படி 7: கடித்துவிட்டால்

சண்டை போடும் நாய்களின் கழுத்தருகே கையை விடாதீர்கள். தண்ணீரை வீசுங்கள், அல்லது நடுவே பலகையைச் செருகுங்கள். இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைத் தூக்கிப் பின்னோக்கி இழுக்கலாம்.

மனிதரைக் கடித்திருந்தால் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு நேராக மருத்துவமனை. ரேபிஸ் அறிகுறி தோன்றிய பிறகு பிழைப்பது மிக மிக அரிது, உடனே சிகிச்சை எடுத்தால் தடுத்துவிடலாம். "எங்கள் நாய்க்கு ஊசி போட்டாச்சு" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். ஊசி வேண்டுமா என்பதை முடிவு செய்வது மருத்துவர், தடுப்பூசிப் புத்தகத்தோடு நீங்களும் கூடவே போங்கள். நாயை 10 நாள் கண்காணிக்கச் சொல்வார்கள். அந்தப் 10 நாள் முடியட்டும் என்று கடிபட்டவர் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தவை

மின்னதிர்ச்சிப் பட்டை பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். வலிக்கும் நேரத்தில் நாய் எதிரே ஒரு குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தால், வலிக்குக் காரணம் அந்தக் குழந்தை என்று முடிச்சுப் போட்டுவிடலாம். வேல்ஸில் 2010-லேயே தடை செய்துவிட்டார்கள்.

காது கேட்காத நாய்க்கு, அதிர்ச்சி தராமல் வெறுமனே அதிரும் பட்டை கிடைக்கிறது. விசிலுக்குப் பதில் அந்த அதிர்வு, மற்றதெல்லாம் அப்படியே.

இரண்டு நாய் இருந்தால் தனித்தனியாகப் பழக்குங்கள். ஒன்று ஓடினால் மற்றதும் ஓடும், எது எதைக் கற்றது என்றே தெரியாது.

இன்னொன்று, ஒரு வாசகி சொன்னது: தரையில் இழுபடும் நீளக் கயிறு குழந்தையின் கணுக்காலில் சுற்றித் தோலை உரித்துவிட்டதாம். பக்கத்தில் ஆள் இருந்தால் கயிற்றைத் தரையில் விடாமல் கையில் மடித்துப் பிடியுங்கள். நுனியில் கைப்பிடி வளையம் இருந்தால் வெட்டிவிடுங்கள், செடியிலும் காலிலும் மாட்டுவது பெரும்பாலும் அதுதான்.