போட்டி லாயத்தில் செய்யக்கூடாத தவறுகள்

மிளகாய்க்குக் காரம் தருகிற கேப்சைசின் ஓர் ஒலிம்பிக் பதக்கத்தையே பறித்திருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தன. தடைதாண்டும் அணிப் போட்டியில் நார்வே வாங்கிய வெண்கலம், அதன் குதிரை ஒன்றின் மாதிரியில், குதிரைகளுக்குத் தடைசெய்யப்பட்ட கேப்சைசின் இருந்ததால் சுவிட்சர்லாந்துக்குப் போனது. வலித் தைலங்கள் பலவற்றில் இந்தப் பொருள் உண்டு. குதிரையைப் பராமரித்துக்கொண்டு அதோடு லாயத்திலேயே பொழுதைக் கழிக்கும் க்ரூம் (நம் ஊர் ரேஸ் கோர்ஸில் சைஸ்) ராத்திரி தன் முதுகுக்குத் தைலம் தேய்த்துவிட்டு, காலையில் கை கழுவாமல் கடிவாளத்தை மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

காபிக் கோப்பையை லாயத்துக் கதவின் மேல் வைப்பது, சாக்லேட் தின்ற கையால் தீவனம் கலப்பது எல்லாம் இதே வகைத் தவறுகள். காஃபினும் தியோப்ரோமினும் சோதனையில் தெரிந்துவிடும். இதைவிட மோசமான பழக்கம் ஒன்று உண்டு. கழிப்பறை தூரமாக இருக்கிறதென்று லாயத்து மூலையிலேயே ஒதுங்குவது. நாம் விழுங்கிய மாத்திரை சிறுநீரோடு வைக்கோலில் இறங்கும். அந்த வைக்கோலைக் குதிரை மெல்லும். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு இதைப் பற்றித் தனியாகவே எச்சரித்திருக்கிறது.

அடுத்தது வயிறு. போட்டி நாளில் வயிறு லேசாக இருக்கட்டும் என்று காலையிலிருந்து புல்லை நிறுத்தி வைப்பவர்களை நான் இன்றைக்கும் பார்க்கிறேன். மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. குதிரையின் இரைப்பை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். காலி வயிற்றில் ஓடினால் அது மேலே தெறித்துப் புண்ணாக்கும். 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது ஏழரை கிலோ உலர்புல் வேண்டும். அதையும் ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். புதுத் தீவனத்துக்குத் திடீரென்று மாற்றினால் வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது.

தண்ணீரும் அப்படித்தான். வெளியூர்த் தண்ணீர் நமக்கே ஒத்துக்கொள்வதில்லை. குதிரை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே கொஞ்சம் ஆப்பிள் சாறு கலந்து பழக்கிவிட்டால், போன இடத்திலும் அதே ருசி கிடைக்கும். தானாக நிரம்பும் தொட்டியை மட்டும் நம்பாதீர்கள், எவ்வளவு குடித்தது என்று தெரியாது. வாளியில் வைத்தால் தெரியும்.

2021 பிப்ரவரியில் ஸ்பெயினின் வலென்சியா போட்டியில் குதிரை ஹெர்பெஸ் வைரஸ் பரவிக் குதிரைகள் இறந்தன. ஐரோப்பாவில் போட்டிகளையே நிறுத்தி வைத்தார்கள். அதன் பிறகு, போட்டி இடத்தில் தினமும் இரண்டு முறை காய்ச்சல் பார்த்துக் குறித்தாக வேண்டும். இதை வெறும் சடங்காக்கி, நேற்றைய எண்ணையே இன்றைக்கும் எழுதுவது மன்னிக்க முடியாத தவறு. 38.5 டிகிரியைத் தொட்டால் யாரையும் கேட்டுக்கொண்டிராமல் போட்டி மருத்துவரிடம் போங்கள்.

குறுக்கோட்டப் பந்தய (திறந்தவெளியில் தடைகளைத் தாண்டி ஓடும் கிராஸ் கன்ட்ரி) நாளில்தான் க்ரூமின் கை உண்மையாகச் சோதிக்கப்படுகிறது. குதிரை எல்லைக்கோட்டைத் தாண்டி வரும்போது மூக்குத்துளைகள் விரிந்து சிவந்திருக்கும், கழுத்து நரம்புகள் புடைத்திருக்கும், சேணத்தைத் தூக்கியதும் முதுகிலிருந்து ஆவி கிளம்பும். சூடான உடம்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் தசை பிடித்துக்கொள்ளும் என்று பழைய ஆட்கள் தடுப்பார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு முன் நடந்த ஆய்வுகள் அந்தப் பயம் வீண் என்று காட்டிவிட்டன. ஐஸ் போட்ட தண்ணீரைக் கழுத்து, முதுகு, பின்தொடை என்று உடம்பு முழுக்க விடாமல் ஊற்றுங்கள். ஈரத் துண்டைப் போர்த்திவிட்டு நிற்காதீர்கள். சற்று நேரத்தில் துண்டே சூடாகிவிடும். ஊற்றுவதை நிறுத்திவிட்டு ஒவ்வொரு வாளிக்கும் தண்ணீரை வழிக்கிற வேலையும் வேண்டாம். குடிக்கக் கேட்டால் கொடுங்கள். பெங்களூருவின் ஃபவாத் மிர்ஸா இந்தியாவுக்காக இறங்கிய டோக்கியோ ஒலிம்பிக்கில், வெயிலுக்குப் பயந்து குறுக்கோட்டத்தைக் காலையிலேயே வைத்தார்கள். குதிரையின் உடம்புச் சூடு அவ்வளவு பெரிய விஷயம்.

குதிரைப் பரிசோதனையில் மருத்துவர் முன் ஓட்டிக் காட்டும்போது கயிற்றை இறுக்கிப் பிடிக்காதீர்கள். தலை ஆடாவிட்டால் நொண்டலை மறைப்பதாகத் தோன்றும். திரும்பும்போது குதிரையை வலப்பக்கம் திருப்புங்கள், நீங்கள் குறுக்கே வரமாட்டீர்கள். லாயத்தை விட்டு வெளியே வரும்போதெல்லாம் கடிவாளத்தில் குதிரையின் அடையாள எண் இருக்கட்டும். புல் மேய்க்கப் போனாலும்தான்.

பயணத்தில் தலையை உயர்த்திக் கட்டி மணிக்கணக்கில் வைப்பதும் ஆபத்து. குதிரை தலையைத் தாழ்த்தினால்தான் மூச்சுக்குழாயில் சேரும் தூசியும் சளியும் வெளியே வரும். வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் கயிற்றைத் தளர்த்துங்கள்.

போட்டி முடிந்த ராத்திரி எல்லோரும் களைத்துத் தூங்கப் போவார்கள். காலில் வீக்கம் வருவது பெரும்பாலும் அதன் பிறகுதான். மறுநாள் வண்டியில் ஏற்றும் முன் கட்டுகளை அவிழ்த்து, நான்கு கால்களையும் வெறும் கையால் மேலிருந்து கீழே தடவிப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால், ஏற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். லாரி காத்திருக்கட்டும்.