மகனைத் தனியாகப் பஸ்ஸில் அனுப்பப் பழகிய விதம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து சித்தூருக்கு என் மகன் இப்போது தனியாகப் பஸ்ஸில் போய் வருகிறான். அவனுக்கு ஆட்டிசம். 16 வயதில் தொடங்கினோம். ஒன்றரை ஆண்டு ஆனது. 18 ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

‘பஸ்ஸில் போ’ என்பது ஒரு வேலை அல்ல. ஒரு நாள் நோட்டும் பேனாவுமாக அவனோடு ஏறி எண்ணினேன்: 23 வேலைகள். சில்லறை எடுத்து வைப்பது ஒன்று, ஏறியதும் கம்பியைப் பிடிப்பது இன்னொன்று. வீட்டில் தமிழ்தான் படிக்கிறான், பஸ் பலகையோ மலையாளத்தில். அந்தப் பலகையைப் படம் எடுத்து, எழுத்தாக அல்லாமல் உருவமாகவே மனத்தில் பதியவைத்தோம்.

கடைசி வேலையை முதலில் கொடுங்கள். சித்தூரில் இறங்கி, அவன் வேலை செய்யும் கொப்பரைக் களம் வரை நடப்பது மட்டுமே முதலில் அவன் பொறுப்பு, மற்றதெல்லாம் நான். ஒவ்வொரு பயணமும் அவன் தானாகச் செய்து முடித்த ஒன்றோடு நிறைவடைந்தது. பிறகு இறங்குவதற்கு மணியடிக்கச் சொல்வது, அதன்பின் டிக்கெட் வாங்குவது என்று பின்னோக்கி வந்தோம். நானும் பக்கத்து இருக்கையிலிருந்து பின் இருக்கைக்கு மாறினேன், அங்கிருந்து பஸ்ஸுக்குப் பின்னால் ஸ்கூட்டருக்கு. தடுமாறினால் ஒரு படி மட்டும் பின்னால் போங்கள், முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.

ஹர்த்தாலை, அதாவது பந்த் நாளை, நான் மறந்துவிட்டேன். அன்று ஒரு பஸ்கூட ஓடவில்லை. காலை 8 மணிக்கு நிறுத்தத்துக்குப் போனவன் 11 மணிக்கும் அங்கேயே நின்று, காதைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். தவறு என்னுடையது. வழக்கத்தைக் கற்றுக்கொடுத்தேன், வழக்கம் முறிந்தால் என்ன செய்வதென்று கற்றுக்கொடுக்கவில்லை. பிறகு அட்டை எழுதினோம்: ‘கடிகாரத்தில் 30 நிமிடம் பார். பஸ் வராவிட்டால் அப்பாவுக்குப் போன் செய். வீட்டுக்கு நட.’ பஸ் ஓடும் நாளிலேயே வேண்டுமென்று இதை நான்கு முறை ஒத்திகை பார்த்தோம். இன்னோர் அட்டை தமிழிலும் மலையாளத்திலும்: ‘எனக்கு ஆட்டிசம். மெதுவாகப் பேசுங்கள். பதில் சொல்ல நேரம் கொடுங்கள். தொடாதீர்கள்.’ அதை எப்போது காட்டுவதென்று அவனே முடிவு செய்கிறான்.

களத்தில் ‘நல்லதாகப் பார்த்து எடு’ என்று சொன்னால் அவனுக்குப் புரியாது. நல்ல கொப்பரை, ஈரமானது, பூசணம் பிடித்தது என மூன்று மாதிரிகளை எதிரில் வைத்தோம். அதன்பின் அவன் பிரித்த குவியலை யாரும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கவில்லை. கூலியை அவன் கையிலேயே கொடுக்கச் சொன்னேன். முதல் வாரம் ஒரே வகை பிஸ்கட்டை ஒன்பது பாக்கெட் வாங்கி வந்தான். அவன் பணம், நான் வாயைத் திறக்கவில்லை.

காகித வேலையையும் தள்ளிப்போடாதீர்கள். ஊனமுற்றோருக்கான யூடிஐடி என்ற அடையாள அட்டையை முதலில் வாங்குங்கள். 18 நிறைந்த பிள்ளைக்குப் பெற்றோர் தாமாகவே சட்டப்படி காப்பாளர் ஆகிவிட மாட்டார்கள். தேவையிருந்தால் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். எல்லாருக்கும் அது தேவையில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மாற்றுத்திறனாளியோடு கலந்து முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட காப்பாளர் முறையும் இருக்கிறது. ஒரு வங்கியில் அவனை எதிரில் வைத்துக்கொண்டே, “பையனுக்கு என்ன வேண்டும்?” என்று என்னிடம் கேட்டார்கள். நான் பேசாமல் அவன் முகத்தைப் பார்த்தேன். சிறிது நேரம் கழித்து, “பாஸ்புக்” என்றான்.

இப்போது சமையல். குக்கர் விசில் அவனுக்கு ஆகாது, அதனால் திறந்த பானையில்தான் ‘மட்ட’ எனும் கேரளச் சிவப்பரிசி வேகிறது. இங்கும் கடைசி வேலைதான் முதலில்: ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து, அடுப்பை அணைப்பது அவன்.