எண்டோஸ்கோபி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவிரிப் படுகையில் தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் எனப் பல ஊர்களில் எண்டோஸ்கோபி இன்று கைக்கெட்டும் பரிசோதனையாகிவிட்டது. இந்த வசதி பெருகிய பிறகு இரண்டு வகைத் தவறுகள் நடக்கின்றன. தேவையில்லாதவர்கள் அவசரப்பட்டுச் செய்துகொள்கிறார்கள்; கட்டாயம் செய்துகொள்ள வேண்டியவர்கள் ‘கேஸ் தொல்லை’ என்று சொல்லி மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். இவற்றில் உயிருக்கு ஆபத்தாவது இரண்டாவது தவறு. எந்தக் காரணத்துக்காக உள்ளே பார்க்கிறோம் என்பது தெளிவாக இருந்தால்தான், பார்த்ததில் தெரிந்தது என்ன என்பதற்கும் பொருள் கிடைக்கும்.

முதலில், இந்தப் பரிசோதனை எதைக் காட்டும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாய்வழியே செலுத்தப்படும், ஏறத்தாழ 1 செ.மீ. பருமனுள்ள, கேமரா பொருத்திய குழாய், உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடலின் தொடக்கப் பகுதி ஆகியவற்றின் உட்புறத்தை மட்டுமே காட்டும். கல்லீரல், பித்தப்பை, கணையம், சிறுகுடலின் பெரும்பகுதி ஆகியவை அதில் தெரியா. எண்டோஸ்கோபியில் ஒன்றுமில்லை என்றதும் வயிறு முழுவதையும் பார்த்தாகிவிட்டது என்று நிம்மதி அடைபவர்களில் சிலருக்குப் பித்தப்பைக் கல் இருக்கலாம். அதைக் கண்டறிய ஸ்கேன்தான் வேண்டும்.

சாப்பிட்டதும் வயிறு உப்புசம், மேல்வயிற்றில் எரிச்சல், ஏப்பம் என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பரிசோதனையில் புண்ணோ கட்டியோ தென்படுவதில்லை. இரைப்பையின் இயக்கத்திலும் உணர்திறனிலும் ஏற்படும் மாறுபாட்டால் வரும் அந்தத் தொல்லை உண்மையான தொல்லையே. ஆனால் அது கேமராவில் தெரியாது. இதை ஏற்காமல் ஒரே ஆண்டில் மூன்று ஊர்களில் மூன்று முறை குழாய் விடச் சொல்வதால் பணமும் மன அமைதியும் போவதே மிச்சம். அபாய அறிகுறி இல்லாத இளவயதினருக்கு இரைப்பையில் புண் உண்டாக்கக்கூடிய எச். பைலோரி கிருமிக்கான மலப் பரிசோதனை அல்லது மூச்சுப் பரிசோதனை, அதன்பின் சில வாரங்களுக்கு அமிலத்தைக் குறைக்கும் மருந்து என்று தொடங்குவதே முறை. செரிமானக் கோளாறு உள்ளவர்களில் 60 வயதைத் தொட்டவர்களுக்கு எண்டோஸ்கோபி செய்யலாம் என்று அமெரிக்க, கனடிய இரைப்பை-குடல் மருத்துவர் சங்கங்கள் 2017இல் பரிந்துரைத்தன. அந்த வயதை அப்படியே நமக்கு எடுத்துக்கொள்வது சரியன்று. இங்கு மருத்துவர்கள் அதைவிடக் குறைந்த வயதிலேயே இந்தப் பரிசோதனையைச் சொல்வதுண்டு.

வயது எதுவானாலும் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் சில உள்ளன. முதலில் தோசையும் சோறும் நெஞ்சில் அடைத்து, பிறகு கஞ்சிகூட இறங்காமல் போவது உணவுக்குழாய்ப் புற்றுநோயின் அடையாளமாக இருக்கலாம். வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள், பீடி, மது பழக்கமுள்ளவர்கள் இதை ஒரு நாளும் அலட்சியப்படுத்தக் கூடாது. காரணமின்றி எடை குறைவது, ஓயாத வாந்தி, ரத்த வாந்தி, தார் போலக் கறுத்து ஒட்டும் மலம் ஆகியவையும் அவ்வாறே. கடைசி இரண்டில் எது வந்தாலும் பரிசோதனைக்கு நாள் குறிக்கக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கல்லீரல் சுருங்கியவர்களுக்கு உணவுக்குழாயில் புடைத்த ரத்தநாளம் வெடித்திருந்தால், எண்டோஸ்கோபி வழியாகவே அதற்கு வளையம் போட்டுக் கசிவை நிறுத்த முடியும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் மலம் கறுக்கும் என்பதால், அந்த மாத்திரையை உட்கொள்வதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்துக் குறைவால் சோகை வந்தால், டானிக்கை மட்டும் எழுதி அனுப்புவது பெருந்தவறு. ரத்தம் எங்கே கசிகிறது என்று மேலே இரைப்பையிலும் கீழே பெருங்குடலிலும் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்தப் படுகையில் மிகுந்த கவலையோடு பேச வேண்டியது வலி மாத்திரையைப் பற்றித்தான். நடவு, களையெடுப்பு, அறுவடை என்று நாள் முழுவதும் குனிந்து வேலை செய்பவர்கள், மாலையில் மருந்துக்கடையில் ‘உடம்பு வலிக்கு ஒரு செட்’ என்று கேட்டு வாங்கி விழுங்குகிறார்கள். அந்தச் செட்டில் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்ற வலி மருந்துகளும், சில இடங்களில் ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கலாம். வலி மருந்தும் ஸ்டீராய்டும் ஒன்றுசேர்ந்தால் இரைப்பைப் புண்ணின் ஆபத்து பல மடங்காகிறது. இத்தகைய புண் வலிக்காமலே ஆழமாகும். முதியவர்களுக்கு ரத்தக்கசிவே முதல் அறிகுறியாக வருவதுண்டு. பரிசோதனைக்கு வருபவர்களும், ‘மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா’ என்று கேட்டால், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் உள்ளதை மட்டும் சொல்லிவிட்டு, கடையில் வாங்கிய செட்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மாத்திரையின் பெயர் தெரியாவிட்டால் அட்டையைக் கையோடு கொண்டுவர வேண்டும்.

நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் வந்தவரை ‘வாயுப் பிடிப்பு’ என்று சோடா குடிக்கவைப்பதும், மறுநாள் எண்டோஸ்கோபிக்கு அழைத்துப்போகலாம் என்று உட்காரவைப்பதும் உயிரைப் பறிக்கும் தவறுகள். அது மாரடைப்பாக இருக்கலாம் என்பதால் முதலில் ஈசிஜி, மற்றவை பிறகு.

கடற்கரை மாவட்டமான நாகப்பட்டினம் வரை எங்கும் நடக்கும் இன்னொன்று, தொண்டையில் சிக்கிய மீன்முள்ளைச் சோற்று உருண்டையாலோ வாழைப்பழத்தாலோ கீழே தள்ள முயல்வது. அது முள்ளை இன்னும் ஆழமாகக் குத்தவைக்கும்; சாப்பிட்ட உணவு, எண்டோஸ்கோபி செய்வதையும் சிக்கலாக்கும். எதையும் விழுங்காமல் மருத்துவமனைக்குப் போவதே நல்லது.

பரிசோதனை நாளில் 6 மணி நேரம் திட உணவு இல்லாமல் இருக்க வேண்டும். பால் கலந்த காப்பியும் டீயும் இதில் அடங்கும். வெறும் தண்ணீரைப் பெரும்பாலும் 2 மணி நேரத்துக்கு முன்பு வரை அருந்தலாம். சர்க்கரை நோயாளிகள் வழக்கமான இன்சுலினைப் போட்டுக்கொண்டு பட்டினியாக வரக் கூடாது. அளவை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமைக்கான மாத்திரையைத் தாமாக நிறுத்துவதுதான் இந்த வரிசையில் ஆபத்து மிகுந்த செயல். சாதாரண எண்டோஸ்கோபிக்கும் சிறு திசுத் துணுக்கு எடுப்பதற்கும் அதை நிறுத்த வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. மயக்க ஊசி போட்டிருந்தால் அன்று வண்டி ஓட்டக் கூடாது.

எச். பைலோரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982இல் கண்டறிந்து 2005இல் நோபல் பரிசு பெறக் காரணமான அந்தக் கிருமி, நம் நாட்டில் ஏராளமானோரின் இரைப்பையில் உள்ளது. 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்தது. பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளைக் கடந்த 2 வாரங்களுக்குள்ளோ, ஆன்டிபயாட்டிக் மருந்துகளைக் கடந்த 4 வாரங்களுக்குள்ளோ சாப்பிட்டிருந்தால், கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரக்கூடும். மருந்தை முன்பே நிறுத்தலாமா என்று கேட்டுவிடுவது நல்லது. சிகிச்சை முடிந்து குறைந்தது 4 வாரங்கள் கழித்துக் கிருமி போய்விட்டதா என்று சோதிப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அறிக்கையில் ‘லேசான இரைப்பை அழற்சி’, ‘சிறிய ஹையேட்டஸ் ஹெர்னியா’ (இரைப்பையின் மேற்பகுதி மார்புப் பக்கம் சற்று ஏறியிருப்பது) என்ற சொற்களைப் படித்துக் கலங்க வேண்டியதில்லை. தொல்லையே இல்லாதவர்களிடமும் இவை காணப்படும். பயப்பட வேண்டிய சொல் ‘இரைப்பைப் புண்’. அதன் விளிம்பிலிருந்து திசுத் துணுக்குகள் எடுக்க வேண்டும். சுமார் 8 வாரங்கள் மருந்து சாப்பிட்ட பின் மீண்டும் பார்த்து, முழுவதும் ஆறியதை உறுதி செய்ய வேண்டும். மாத்திரையால் வலி நின்றுவிட்டது என்பதால் மறுபரிசோதனைக்குப் போகாமல் இருந்தால், மேலோட்டமாக ஆறியதுபோல் தோன்றும் புற்றுப்புண் கண்டறியப்படாமலே போய்விடும். முன்சிறுகுடல் புண்ணுக்கு இந்த அச்சம் மிகக் குறைவு.

மலத்தில் ரத்தம் போனால் ‘மூலம், பவுத்திரம்’ என்று சுவரில் எழுதியிருக்கும் முகவரியைத் தேடிப் போகும் வழக்கம் இங்கு இன்னும் மாறவில்லை. ரத்தத்தோடு மலப்போக்கு மாறினாலோ, எடை குறைந்தாலோ, சோகை இருந்தாலோ, ஆசனவாய் வழியே குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபி தேவை. அமெரிக்காவில் இந்தப் பரிசோதனையின் பெரும்பங்கு, அறிகுறியே இல்லாதவர்களிடம் புற்றுநோயை முன்கூட்டித் தேடவும் பாலிப் எனும் குடற்சுவர்ச் சதை வளர்ச்சியைக் கண்காணிக்கவுமே செய்யப்படுகிறது. 2021இல் அதற்கான தொடக்க வயதை அங்கே 50இலிருந்து 45ஆகக் குறைத்தார்கள். நம்மிடம் ரத்தப்போக்கு, நாள்பட்ட பேதி, வலி என்று வருபவர்களே மிகுதி என்பதால், அங்குள்ள விகிதங்களை இங்கே பொருத்திப் பார்க்க முடியாது. குடல் காசநோயும் நம் மருத்துவர்கள் எப்போதும் மனத்தில் வைத்திருக்க வேண்டிய ஒன்று. குடல் சுத்தமாகாவிட்டால் பரிசோதனை வீண். ஆகவே 2 நாட்களுக்கு முன்பே கீரை, தக்காளி, கத்தரிக்காய், கொய்யா ஆகியவற்றை விட்டுவிட்டு, கொடுத்த பேதி மருந்தைப் பாதியில் நிறுத்தாமல் சொன்ன நேரத்தில் குடித்து முடிக்க வேண்டும்.

திசுத் துணுக்கு எடுத்தார்கள் என்றாலே புற்றுநோய் என்று பொருளில்லை. அதே சமயம், அந்த முடிவு தனியாகச் சில நாட்கள் கழித்தே வரும். படம் போட்ட முதல் அறிக்கையோடு ஊருக்குப் போய்விட்டவர்கள் திரும்ப வந்து அதை வாங்கி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.