பதினோரு பக்க சிவியை இரண்டு பக்கமாக்கியபோது

பிஎச்டி கடைசி வருடத்தில் என் பதினோரு பக்க சிவியோடு கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டேன், பதிலே வரவில்லை. பேராசிரியர் வேலைக்கு நீளமான சிவி சரி. கம்பெனிக்கு ஒன்றிரண்டு பக்க ரெஸ்யூமே போதும். கட்டுரைப் பட்டியலை இரண்டே வரியாக்கினேன். "புரத மடிப்பு பற்றிய ஆய்வு" என்றிருந்ததை, "பைத்தானில் நிரல் எழுதி, நாள்கணக்கில் ஓடிய தரவு அலசலைச் சில மணி நேரமாகக் குறைத்தேன்" என்று மாற்றினேன். விளம்பரத்தில் கேட்ட திறன்களில் எனக்கு நிஜமாகவே தெரிந்தவற்றை அவர்கள் சொற்களிலேயே எழுதினேன். பல இடங்களில் விண்ணப்பங்களை முதலில் சலிப்பது மென்பொருள்தானே!

அப்புறம், எங்கள் லேபிலிருந்து வெளியே போன சீனியர்களிடம் வேலை கேட்கவில்லை, "உங்கள் வேலை எப்படி இருக்கும்?" என்று மட்டும் கேட்டேன். ஒரு அக்கா தானாகவே என் ரெஸ்யூமேயை மேனேஜரிடம் கொடுத்தார். இன்டர்வியூவில் ஆய்வேடு பற்றி ஒரே கேள்விதான். மீதியெல்லாம் அந்த பைத்தான் வரியைப் பற்றி.