நுண்நெகிழி எண்ணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் பதினொரு ஆண்டுகளுக்கு முன் விழுந்த குழியில், இந்தப் பருவம் ஆய்வகத்துக்கு வந்த மூன்று மாணவர்களும் வரிசையாக விழுந்தார்கள். புட்டியில் தேதி எழுத மறப்பது, மூடியைத் திறந்து வைப்பது போன்றவை ஒருமுறை திட்டு வாங்கினால் தானாகவே போய்விடும். அவற்றை விடுகிறேன்.

வெற்று மாதிரி இல்லாமல் எண்ணத் தொடங்குவது

ஆற்றுநீரை வடிகட்டி வடிதாளை நுண்ணோக்கியில் வைத்தேன். சுருள் சுருளாக நீல இழைகள், தாளுக்கு இருபது முப்பது. 5 மில்லிமீட்டருக்குள் இருக்கும் நெகிழியெல்லாம் நுண்நெகிழிக் கணக்கில் சேரும் என்பதால் எனக்கு ஒரே மகிழ்ச்சி. நான்கு மாதம் எண்ணினேன். ஒருநாள் நனைந்த வடிதாள் ஒன்று மேசையிலேயே கிடந்துவிட்டது. ஆற்றுநீர் ஒரு சொட்டும் படாத தாள். மறுநாள் சும்மா பார்த்தால் அதிலும் அதே நீலம்! குனிந்து என் கையைப் பார்த்தேன். குளிருக்காக நாள்தோறும் அணிந்த பாலியெஸ்டர் மேலாடையின் விளிம்பு நைந்து பஞ்சாக நின்றது. எண்ணியதில் ஆற்றின் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு? பிரிக்க வழியில்லை. நான்கு மாதமும் குப்பைக்கூடைக்குப் போனது.

வடிகட்டிய தூய நீரை, மாதிரி கடக்கும் எல்லாப் படிகளிலும் கூடவே கொண்டுசெல்லுங்கள்: அதே புனல், அதே ரசாயனம், அதே கை. இதுதான் வெற்று மாதிரி; இதில் தென்படும் நெகிழி ஆய்வகத்திலிருந்து வந்தது. ஒரு தொகுதி மாதிரிகளுக்குக் குறைந்தது மூன்று வெற்று மாதிரிகள் வேண்டும். வேலை நடக்கும் நேரமெல்லாம் பக்கத்தில் ஓர் ஈர வடிதாளும் திறந்தே இருக்கட்டும். "கடைசியில் ஒன்று வைத்துக்கொள்கிறேன்" என்பவரைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். முந்தாநாள் காற்றில் மிதந்ததை இன்றைய தாள் எப்படிச் சொல்லும்?

பருத்திதானே அணிந்திருக்கிறேன் என்பார்கள். சாயமேற்றிய பருத்தி இழை, வெறும் நுண்ணோக்கியில் நெகிழியாகவே ஏமாற்றும். தூய்மைக்கென்று போடும் கையுறையும் சும்மா இருப்பதில்லை. சில கையுறைகள் உதிர்க்கும் ஸ்டியரேட் உப்பு, நெகிழியை அடையாளம் காண எடுக்கும் அகச்சிவப்பு நிறமாலையில் பாலிஎத்திலீனை ஒத்திருக்கும்.

சமையலுப்புக் கரைசலை மட்டும் நம்புவது

வண்டலிலிருந்து நெகிழியை மிதக்கவைத்துப் பிரிக்க உப்புக் கரைசலில் கலக்குவோம். சமையலுப்புக் கரைசல் எவ்வளவு நிறைவுற்றாலும் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.2 கிராம்தான். பாலிஎத்திலீன் மிதக்கும். 1.4 அளவில் நிற்கும் பெட் (குடிநீர்ப் புட்டி நெகிழி), பிவிசி (குழாய் நெகிழி) போன்றவை சேற்றோடு அடியில் தங்கிவிடும். பிறகு "வண்டலில் பெட் இல்லை" என்று அறிக்கை வரும். அதைவிட அடர்த்தியான துத்தநாகக் குளோரைடுக் கரைசலை எடுங்கள். கழிவை மட்டும் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள், நீர்வாழ் உயிர்களுக்கு அது நஞ்சு.

மீன் குடலுக்கு நைட்ரிக் அமிலம்

நெகிழியைத் தேடக் குடல் திசுவைக் கரைக்க இதை ஊற்றினால் நைலானும் சேர்ந்து கரையும். 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போதும்.

வலைக்கண் அளவை எழுதாமல் விடுவது

நீரில் மாதிரி அள்ளும் 330 மைக்ரான் வலையில் மெல்லிய இழை நிற்காது. எழுதுங்கள்.

தொடர்பைக் காரணமாக்குவது

கழுத்துத் தமனியின் கொழுப்புப் படிவில் நெகிழி இருந்தவர்களுக்கு, இல்லாதவர்களைவிட மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றின் அபாயம் சுமார் 4.5 மடங்கு என்று 2024இல் ஓர் ஆய்வு வந்தது. அதைப் படித்த கையோடு ஒரு மாணவர் "நெகிழி மாரடைப்பை உண்டாக்குகிறது" என்று எழுதிவந்தார். ஆய்வாளர்களே அப்படிச் சொல்லவில்லை. சிவப்பு மையால் அடித்து, டயர் தேய்மானத்தில் பிறக்கும் 6பிபிடி-குயினோன் என்ற வேதிப்பொருள் பற்றிய கட்டுரையை அவர் கையில் கொடுத்தேன். அங்கே அந்தப் பொருளைத் தனியே பிரித்தெடுத்து, கோஹோ சால்மன் மீன்கள் அதில் சாவதைச் சோதித்துப் பார்த்த பிறகே எழுதியிருந்தார்கள்.