‘கோபப்பட்டேன் சாமி’: அன்றாட இறைவார்த்தைத் தியானத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தவக்காலத்தின் முதல் வாரம், வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை முடிந்ததும் ஒப்புரவுக்காக, அதாவது பாவசங்கீர்த்தனத்துக்காக, வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. பல வருடங்களாகச் சொல்லிவரும் அதே மூன்றைச் சொன்னேன். “கோபப்பட்டேன் சாமி. பொய் சொன்னேன். செபத்துல பராக்கா இருந்தேன்.” சாமியார் முதலில் கேட்டது ஒரே கேள்வி: “கோபம் யார் மேலம்மா?”

பதில் எனக்குத் தெரியும். ஆனால் வாய் வரவில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் அக்காவோடு நான் பேசி அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. அம்மா இறந்த பிறகு அம்மாவின் சங்கிலியை வைத்துத் தொடங்கிய வாய்ச்சண்டை. “கடைசி காலத்துல அம்மாவை நீ எட்டிக்கூடப் பார்க்கல” என்று சொன்னேன். அது உண்மையில்லை என்று சொல்லும்போதே தெரியும். அதையே சொந்தக்காரர்கள் இரண்டு மூன்று பேரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

அன்றைய நற்செய்தி மத்தேயு 5:20-26. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் உன் சகோதரரோடு உறவைச் சரிசெய்துகொள் என்று ஆண்டவர் சொல்லும் பகுதி. விடியற்காலையில் அதை வாசித்திருந்தேன். நாலு வரி சிந்தனை எழுதி எங்கள் அன்பியத்து (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் குழு) பெண்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியும் இருந்தேன். வாசித்த எனக்கும் எழுதிய எனக்கும் அக்காவின் முகம் ஒரு நொடிகூட நினைவுக்கு வரவில்லை.

அன்றிலிருந்து, தினமும் வாசித்தும் செபித்தும் வார்த்தை நம்மை வந்து தொடாமல் போவது எங்கே என்று கவனித்து வருகிறேன். மறைக்கல்வி வகுப்பிலும் அன்பியக் கூட்டங்களிலும் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எந்த வாசகம், எந்த ஆண்டு

முதலில் சின்னக் குழப்பம் ஒன்று. வாசகப் புத்தகத்தில் ‘முதல் ஆண்டு’, ‘இரண்டாம் ஆண்டு’ என்று இருப்பதைப் பார்த்து வேறு வருடத்து வாசகத்தைப் படித்துவிடுகிறோம். ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்று. முதல் ஆண்டில் மத்தேயு, இரண்டாம் ஆண்டில் மாற்கு, மூன்றாம் ஆண்டில் லூக்கா என்று பெரும்பாலும் வரும். வருடத்தின் எண் 3-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் அது மூன்றாம் ஆண்டு. தவக்காலம் போன்ற சிறப்புக் காலங்கள் இல்லாத பொதுக்கால வாரநாள்களுக்கோ இரண்டு ஆண்டுச் சுற்று. ஒற்றைப்படை வருடம் முதல் ஆண்டு, இரட்டைப்படை வருடம் இரண்டாம் ஆண்டு. ஆகவே 2026-இல் ஞாயிறுக்கு முதல் ஆண்டு, வாரநாளுக்கு இரண்டாம் ஆண்டு. இந்தக் கணக்கெல்லாம் சனவரியில் தொடங்குவதில்லை, முந்தைய வருடக் கடைசியில், கிறிஸ்துமஸுக்கு முன் வரும் திருவருகைக்கால முதல் ஞாயிற்றிலேயே தொடங்கிவிடும். வாரநாள் நற்செய்தி மட்டும் எல்லா வருடமும் ஒன்றுதான்: முதல் ஒன்பது வாரம் மாற்கு, 10 முதல் 21-ஆம் வாரம் வரை மத்தேயு, அதன்பின் லூக்கா.

இது தெரியாததால் வரும் தவறு ஒன்று உண்டு. முதல் வாசகத்துக்கும் நற்செய்திக்கும் எப்படியாவது முடிச்சுப் போடப் பார்க்கிறோம். பொதுக்கால ஞாயிறுகளில் நற்செய்திக்கு ஏற்பத்தான் முதல் வாசகத்தைத் தேர்ந்திருக்கிறார்கள், அங்கே தொடர்பைத் தேடலாம். தவக்காலம், திருவருகைக்காலத்திலும் தேடலாம். பொதுக்கால வாரநாள்களில் இரண்டும் தனித்தனியாக ஓடும் தொடர்கதைகள். இல்லாத தொடர்பை வலிந்து உண்டாக்கும்போது, வசனம் சொல்லாததை நாம் சொல்ல வைக்கிறோம். அதற்குப் பதில் நேற்றைய நற்செய்தியை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு இன்றையதை வாசியுங்கள். ஆண்டவர் எங்கிருந்து வருகிறார், யார் கூட இருக்கிறார்கள், அந்தக் கேள்வி ஏன் எழுந்தது என்று தானே விளங்கும்.

முதல் வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடலைத் தாண்டிப் போகாதீர்கள். அன்று எப்படிச் செபிப்பது என்று தெரியாதவர்களுக்குத் திருச்சபை கையில் கொடுக்கும் செபமே அதுதான்.

வசனத்தைப் பிய்த்தெடுப்பது

புதுச்சேரி மிஷன் வீதியில் இருக்கும் எங்கள் பேராலயத்தை ஊரே சம்பா கோவில் என்றுதான் சொல்லும். ‘சான் பாவ்லோ’, அதாவது தூய பவுல் என்பது மருவி வந்த பெயர் அது. அந்தப் பவுலின் வசனம் ஒன்றுதான் நம் வீட்டுச் சுவர்களில் அதிகம் தொங்குகிறது: என்னை வலுப்படுத்துகிறவர் துணையால் எதையும் செய்ய எனக்கு ஆற்றல் உண்டு (பிலிப்பியர் 4:13). பரீட்சைக்கு, வேலைக்கு, விசாவுக்கு எல்லாம் இதையே சொல்கிறோம். இரண்டு வசனம் மேலே போனால் பவுல் சொல்வது வேறு. விலங்கு பூட்டப்பட்ட கைதியாக இருந்துகொண்டு எழுதுகிறார். வயிறார உண்ணவும் தெரியும், பட்டினி கிடக்கவும் தெரியும் என்கிறார். ‘எதையும்’ என்பதற்குள் பசியும் தோல்வியும் இருக்கின்றன. வேலை கிடைக்காதபோதும் உடைந்துபோகாமல் நிற்பதற்கான வசனம் அது. வேலை கிடைக்காத பிள்ளைக்குத்தான் அது மிகவும் தேவைப்படுகிறது. நாமோ கிடைத்தவன் வீட்டில் மாட்டுகிறோம்.

எரேமியா 29:11-உம் அப்படித்தான். உங்களுக்கு நல்ல எதிர்காலம் வைத்திருக்கிறேன் என்று ஆண்டவர் சொல்வது பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட மக்களுக்கு. முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற இறைவாக்கினர் இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆறுதல் சொல்கிறார். எரேமியா அந்த மக்களுக்கு எழுதிய கடிதத்தில் எழுபது ஆண்டு என்கிறார். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறார். கடிதம் கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள். பேரப்பிள்ளைகளுக்கான வாக்குறுதி அது. சூழலோடு வாசித்தால் வசனத்தின் இனிப்பு குறையும், உறுதி கூடும்.

பாலைநிலத்தில் ஆண்டவரைச் சோதித்த அலகையும் (சாத்தானும்) திருப்பாடல் 91-ஐத்தான் மேற்கோள் காட்டியது (மத்தேயு 4:6). வசனம் சரியாகத்தான் இருந்தது, அதைச் சொன்ன நோக்கம்தான் கோணல். கண்ணை மூடித் திருவிவிலியத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை அன்றைய பதிலாக எடுத்துக்கொள்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். 386-இல் மிலான் நகரத் தோட்டத்தில் தூய அகுஸ்தினார் அப்படித்தானே திறந்தார் என்று கேட்பார்கள். அவர் கையில் எடுத்தது அவர் ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருந்த பவுலின் கடிதங்களை. கண்ணில் பட்ட உரோமையர் 13:13-14 அவர் விட மறுத்துக்கொண்டிருந்த பழக்கத்தைத்தான் தொட்டது. அவரும் அதை விட்டார்.

“இதைப் பத்துப் பேருக்கு அனுப்பு, இன்று நல்ல செய்தி வரும்” என்று வரும் நவநாள் செய்திகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அது மூடநம்பிக்கை. அழித்துவிடுங்கள்.

செபத்தில் யார் பேசுகிறார்கள்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் கிகோ என்ற துறவி இறைவார்த்தையோடு செபிப்பதை நாலு படி ஏணியாகச் சொன்னார்: வாசிப்பது, அசைபோடுவது, செபிப்பது, பிறகு கடவுள் முன் சும்மா இருப்பது. நாம் முதல் படியிலிருந்து மூன்றாவதுக்குத் தாவுகிறோம். வாசித்த மறுநிமிடமே வேண்டுதல் பட்டியல் தொடங்கிவிடுகிறது. பட்டியல் முடிந்ததும் எழுந்துவிடுகிறோம். நாலாவது படி பலருக்கு இருப்பதே தெரியாது.

விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோவில் எழுப்பிய வீரமாமுனிவர், தூய யோசேப்பைத் தலைவராக வைத்து 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடினார். நற்செய்தி நூல்கள் நான்கிலும் அந்த யோசேப்பு பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. கனவில் கேட்டார், எழுந்தார், செய்தார். வாசிப்பு முடிந்ததும் ஐந்து நிமிடம் அவரைப்போல வாய் மூடி இருந்து பாருங்கள். முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும்.

பராக்கு வரும். அடுப்பு, ஸ்கூல் ஃபீஸ், மாமியார் சொன்ன சொல், எல்லாம் வரும். தானாக வருவது பாவமில்லை. துரத்திக்கொண்டு ஓடினால்தான் செபம் போய்விடும். மெதுவாகத் திரும்பி வாருங்கள், போதும். ஒரே பராக்கு திரும்பத் திரும்ப வந்தால் அதைக் கவனியுங்கள். என் மனம் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கிறது. மூன்று வருடமாக செபமாலையின் நடுவே எனக்கு ஒரு சங்கிலி நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. நான் அதைப் பராக்கு என்று பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிதற்ற வேண்டாம் என்று ஆண்டவர் சொன்னதை (மத்தேயு 6:7) செபமாலைக்கு எதிராகச் சிலர் காட்டுகிறார்கள். கெத்சமனியில் அவரே மூன்றாம் முறையும் அதே சொற்களைச் சொல்லித்தான் மன்றாடினார் (மத்தேயு 26:44). சொற்களின் எண்ணிக்கையைக் காட்டிக் கடவுளை வளைக்கலாம் என்ற நினைப்பைத்தான் அவர் கண்டித்தார்.

மனஸ்தாபம்

எங்கள் பாட்டி படுக்கப் போகுமுன் உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்வார். பழைய செபத்தமிழில் மனஸ்தாபம் என்றால் செய்த பாவத்துக்காக மனம் வருந்துவது. வீட்டுத் தமிழில் ‘அவங்களுக்குள்ள மனஸ்தாபம்’ என்றால் பிணக்கு. எனக்கு இரண்டாவது மனஸ்தாபம் இருந்தது, முதலாவது இல்லை. மந்திரத்தை மட்டும் தினமும் சொல்லிவந்தேன்.

இங்கேதான் தவறுகள் அதிகம். முதலாவது, பொதுப்படையாகச் சொல்வது. புதுநன்மை (முதன்முறை நற்கருணை வாங்குவது) வகுப்பில் ஒன்பது வயதில் மனப்பாடம் செய்த பட்டியலை ஐம்பது வயதிலும் ஒப்பிக்கிறோம். கனமான பாவங்களை என்ன பாவம், எத்தனை முறை என்று நினைவுள்ளவரை சொல்ல வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். குடைந்து கேட்பதற்கான சட்டம் இல்லை இது. பெயர் சொல்லாத நோய்க்கு மருந்து கொடுக்க முடியாது, அவ்வளவுதான்.

அடுத்தது, மற்றவர்களின் பாவத்தைச் சொல்வது. “மருமகள் அப்படிப் பேசினதால நானும் பேசிட்டேன்” என்று தொடங்கினால் கடைசியில் மருமகளின் பாவம்தான் அறிக்கையாகிறது. அன்றாட வாசிப்பிலும் இதே வியாதி உண்டு. பரிசேயரும் வரிதண்டுபவரும் உவமையை (லூக்கா 18:9-14) வாசித்ததும் நமக்குத் தெரிந்த பரிசேயர் யாராவது நினைவுக்கு வந்துவிடுகிறார். அந்த நொடியே நாம் அந்த உவமையில் பரிசேயரின் இடத்தில் போய் நின்றுவிட்டோம்.

பூசையின் தொடக்கத்தில் ‘என் பாவமே’ என்று மார்பில் தட்டிக்கொண்டது போதும் என்று நினைப்பதும் தவறு. சாவான பாவம், அதாவது கனமான பாவம் இருந்தால் ஒப்புரவு அருட்சாதனத்துக்குத்தான் போக வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது அறிக்கையிட வேண்டும் என்பது 1215-இல் நான்காம் இலாத்தரன் சங்கம் வைத்த குறைந்தபட்ச வரம்பு. புனித வாரத்து நீண்ட வரிசை வரை தள்ளிப்போட்டால் நினைவும் மங்கும், நேரமும் இருக்காது.

கண்ணீர் வரவில்லையே, நரகத்துக்குப் பயந்துதானே வருகிறேன், இது மனத்துயரா என்று சிலர் தயங்குகிறார்கள். கடவுள்மேல் உள்ள அன்பால் வருந்துவது உத்தம மனஸ்தாபம். பயத்தாலும் வெட்கத்தாலும் வருவது குறைவுள்ளதுதான், ஆனாலும் அருட்சாதனத்தில் மன்னிப்புப் பெற அது போதும். வாருங்கள். மன்னிப்புப் பெற்ற பழைய பாவத்தையே மறுபடி மறுபடி அறிக்கையிட்டுத் தூக்கம் கெடுகிறவர்கள் ஒரே குருவிடம் தொடர்ந்து போய், அவர் சொல்வதை நம்ப வேண்டும். மன்ரேசாவில், இயேசு சபையைத் தொடங்கிய தூய இஞ்ஞாசியாரும் இந்த வேதனையைப் பட்டவர்தான்.

யூதாசும் வருந்தினார். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்து, பாவம் செய்தேன் என்று வாயால் சொன்னார் (மத்தேயு 27:3-5). ஆனால் அதைச் சொல்லத் தலைமைக் குருக்களிடம் போனார். பேதுரு மறுதலித்த பிறகு ஆண்டவர் திரும்பி அவரைப் பார்த்தார் (லூக்கா 22:61). அந்தப் பார்வைக்குள் நின்று அவர் அழுதார். இதனால்தான் இரவு ஆத்தும சோதனையைக் குற்றப்பட்டியலோடு தொடங்காதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். இஞ்ஞாசியார் சொன்ன வரிசையில் முதலில் வருவது அன்றைக்குக் கிடைத்ததற்கு நன்றி. பிறகு ஒளி கேட்பது, நாளைத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு ஒரு தீர்மானம்.

கடைசியாக, ‘அருள் நிறைந்த மரியே’ செபம் மூன்று சொல்லிவிட்டால் பரிகாரம் முடிந்தது என்று நினைப்பது. திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கெடுத்த பெயரைத் திரும்ப நிறுத்த வேண்டும் என்று திருச்சபையின் மறைக்கல்வி தெளிவாகச் சொல்கிறது. வரிதண்டுபவரான சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றார். பணத்தை எண்ணிக் கொடுத்துவிடலாம். ஒருவரைப் பற்றிச் சொன்ன பொய்யை, கேட்டவர் ஒவ்வொருவரிடமும் போய்த்தான் எடுக்க வேண்டும். என்னிடம் சாமியார் கேட்டதும் அதையே. “யார் யார்கிட்ட சொன்னீங்க? அவங்ககிட்ட உண்மையைச் சொல்லுங்க. அதுதான் உங்களுக்குப் பரிகாரம்.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கடலூர் பஸ் ஏறினேன். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் தாண்டும்வரை என்ன சொல்வதென்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கதவைத் திறந்த அக்கா, “வழி தெரிஞ்சுதா உனக்கு?” என்றாள். “அம்மாவைப் பத்தி நான் சொன்னது பொய்க்கா. அந்தப் பொய்யைச் சொந்தக்காரங்ககிட்டயும் சொல்லிட்டேன். மன்னிச்சிடு” என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் காபி போட்டுக் கொண்டுவந்தாள். அன்று அவ்வளவுதான் நடந்தது. சங்கிலியை அவள் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். சின்ன சித்தியிடமும் அத்தையிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். பெரியப்பா வீடு பாக்கி. சனிக்கிழமை போகிறேன்.